பத்தியத்துக்காக நிறுத்திய மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது, கும்மிடிப்பூண்டியில் அவர் வேலை செய்யும் இரும்பு கம்பெனியில் ரத்ததானம் கொடுத்தபோதுதான் தெரிந்தது. தினம் ஒரு மாத்திரை, எங்களைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்றார் சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா. எனக்கும் பிள்ளைக்கும் ரத்தம் பார்த்துத் தடுப்பூசி போட்டார்கள். இவர் இரண்டு வருஷம் ஒழுங்காக விழுங்கினார். ஆள் குத்துக்கல்லாட்டம் இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நோவு நொடி இல்லாத மனுஷனுக்கு ஆயுசுக்கும் என்ன மாத்திரை?

பெரியபாளையம் பக்கம் ஒருவர் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறார், கிருமியை வேரோடு எடுத்துவிடுவார் என்றார்கள். இழுத்துக்கொண்டு போனேன். வெறும் வயிற்றில் ஆட்டுப்பாலோடு ஓர் உருண்டை. ஒரு மண்டலம் உப்பில்லை, எண்ணெயில்லை, இங்கிலீஷ் மருந்தும் இல்லை. பத்தியம் மீறினால் மருந்து முறிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடலாமே” என்றார் இவர்.

“இன்னாய்யா, கட்டுன பொண்டாட்டி கெடுதலா பண்ணப் போறேன்?” என்று கத்திவிட்டு, மாத்திரை டப்பாவைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டேன்.

மண்டலம் முடிந்ததும் வெற்றிக் களிப்பில் கோழிக் குழம்பு வைத்தேன். கிருமிதான் போய்விட்டதே என்று மாத்திரை டப்பாவை டிரம்மிலிருந்து எடுக்கவே இல்லை. சில வாரத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவரின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள். விடிந்ததும் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

“வைரஸ அடக்கி வச்சிருந்ததே அந்த மாத்திரைதான். யார் நிறுத்தச் சொன்னது?” என்றார் டாக்டரம்மா.

“நானாத்தாம்மா உட்டுட்டேன்” என்றார் இவர்.

“நாட்டு மருந்து எதாவது சாப்பிட்டீங்களா? ஈரல் இருக்கிற நிலைமைல எனக்குத் தெரிஞ்சே ஆகணும்.”

இவர் இல்லையென்று தலையாட்டினார். உட்காரத் தெம்பில்லாத மனுஷன், என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார்!

“பொய்யும்மா. நிறுத்துனதும் நான்தான், பச்சிலை குடுத்ததும் நான்தான்” என்றேன்.

அன்றே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். மெல்லத் தேறி, இப்போது வேலைக்கும் போகிறார். ஆனால் அன்று டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. “என்ன இலை?” என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு மண்டலம் என் கையால்தான் ஊட்டினேன். என்ன இலை என்று ஒருநாளும் கேட்கவில்லை.