பொட்டு வைத்த சர்வர்

ராஜபாளையத்தில் சமுத்திரம் அண்ணாச்சியைத் தெரியாத மில் முதலாளி இருந்தால், அவர் கம்ப்யூட்டரே வைக்காதவர் என்று அர்த்தம். அப்படி ஒரு காலம் இருந்தது. கணக்கு சாப்ட்வேரைப் போட்டு, அதற்கு ஒரு சர்வர் பெட்டியை ஆபீஸ் மூலையில் வைத்து, ஏசி மாட்டி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டியில் வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். பெட்டி நின்றால் ஆபீஸ் நிற்கும், அண்ணாச்சி வந்தால் ஓடும். அந்த மிதப்பு அவர் நடையிலேயே தெரியும்.

இப்போது அதெல்லாம் போச்சு. பிடுங்கிக்கொண்டவள் மம்சாபுரத்துக் கார்த்திகா. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. யாரோ பெங்களூர்க்காரன் வந்து பிடுங்கியிருந்தால் காலம் அப்படி என்று பேசாமல் இருந்திருப்பார். இவளோ அவர் கடைக்குப் போன் எடுக்க வந்த பிள்ளை. கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் தனியாகப் போனாள். பெட்டியே வேண்டாம், எல்லாம் கிளவுடில் இருக்கும், போனிலேயே பார்க்கலாம் என்று ஊரைச் சுற்ற ஆரம்பித்தாள். பஞ்சு வியாபாரி போனார், விதைக்கடை போனது, ஆஸ்பத்திரியும் போனது.

கிளவுட் என்றால் வானத்திலா இருக்கிறது, அதுவும் எவனோ ஒருத்தனுடைய பெட்டிதானே என்று அண்ணாச்சி டீக்கடையில் கேட்பார். கேள்வி என்னவோ சரிதான். ஆனால் அந்தப் பெட்டிக்காரர்கள் பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள். ஒருவன் வாடகையைக் குறைத்தால் அடுத்தவன் அதைவிடக் குறைத்து ஆள் பிடித்தான். கார்த்திகா போன வருடம் ஒரு கம்பெனியில் வைத்திருந்ததையெல்லாம் இந்த வருடம் இன்னொன்றுக்கு மாற்றினாள். அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவளிடம் பீரோ சாவியைக் கொடுக்கிறார்களே என்று இவர் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, இன்றைக்கு யாரைப் பிடித்தாள் என்று அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவார்.

"அதப் பாக்காட்டி ஒங்களுக்குச் சோறு எறங்காதோ?" என்பாள் மனைவி நாச்சியார். "எதுக்கு இப்படி வெந்து சாவுறீக?"

மிஞ்சியிருந்தது சுப்புராஜின் பேண்டேஜ் துணி மில் ஒன்றுதான். அதை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. ஆயுத பூஜையன்று அங்கே தறிகளையெல்லாம் நிறுத்தி, துடைத்து, பொட்டு வைப்பார்கள். மறுநாள் காலைவரை எதுவும் ஓடாது. சாமி கும்பிட்டு முடிந்ததும் முதலாளி முதல் துண்டைச் சமுத்திரத்துக்குத்தான் போர்த்துவார். மேஸ்திரிக்கும், தறி பழுது பார்க்கிற ஃபிட்டருக்கும் அதற்குப் பிறகுதான். ஊரில் எத்தனை பேர் கைவிட்டாலும், அந்தத் துண்டு தோளில் விழுந்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வரும்.

இந்த வருடம் சுப்புராஜ் அவர் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். கார்த்திகா வந்து கேட்டாளாம். சோதனைக்குக் கொஞ்ச நாள் அவளும் ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டும், மில் கணக்கு இனி யார் கையில் என்று பூஜை முடிந்து சொல்கிறேன் என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கணக்கு முழுவதும் சமுத்திரத்தின் பெட்டியிலிருந்து ஒரு வயர் வழியாக அவள் கிளவுடுக்குப் போயிற்று. என் பெட்டியிலிருந்து அவளுக்கு நானே அள்ளிக் கொடுப்பதா என்று அண்ணாச்சிக்கு வயிறு பற்றி எரிந்தது. பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், தூசி தட்டுகிற சாக்கில் உள்ளே போய் அந்த வயரைப் பிடுங்கிவிட்டார். முடிவு சொல்கிற நாளில் அவள் நகல் அரைகுறையாக நிற்கட்டும், சபையில் முழிக்கட்டும். அப்படிப் பிடுங்கியவர் வயரை அப்படியே போட்டிருக்கலாம். வழக்கம் விடுமா? வட்டமாகச் சுற்றி, ரப்பர் பேண்டை இரண்டு மடிப்பாகப் போட்டு, பெட்டிக்குப் பின்னால் வைத்தார். அவர் கடையில் வேலை பார்த்த எல்லாரும் வயரை அப்படித்தான் கட்ட வேண்டும்.

மற்ற வருடங்களில் சர்வரை மட்டும் அணைக்க விடமாட்டார். ஓடும்போதே பொட்டை வைங்கப்பா என்பார். இந்த வருடம் பூஜைக்குக் கார்த்திகாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் இவருக்கு நிதானம் போய்விட்டது. பெட்டியை அணைத்து, கழற்றி, தானே தூக்கி வந்து தறிகளுக்கு முன்னால் நடுநாயகமாக வைத்தார். சந்தனம், குங்குமம், ரோஜா மாலை எல்லாம் சாத்தினார்.

"ஒங் கிளவுடுக்கு எங்கம்மா பொட்டு வப்ப?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

மில்லே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். துண்டு இவர் தோளில் விழுந்தது.

மறுநாள் காலை பெட்டியை மூலையில் வைத்து சுவிட்சைப் போட்டார். டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வருடக்கணக்காக நிற்காமல் சுற்றிய டிஸ்க், ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்ததும் எழுந்திருக்கவில்லை. அவர் எடுத்து வைத்திருந்த நகலும் அதே டிஸ்கில்தான் இருந்தது. தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அய்யனார் சாமியைக் கூப்பிட்டுப் பார்த்தார். வெளியே எக்ஸ்போர்ட் லாரி பில்லுக்காக நின்றது. சுப்புராஜ் கார்த்திகாவுக்குப் போன் போட்டார்.

அவள் வந்து உட்கார்ந்து, கொடுத்த டீ ஆறுவதற்குள் மில்லின் மொத்தக் கணக்கையும் திரையில் கொண்டுவந்தாள். வராமல் போகக்கூடாதா என்று சமுத்திரம் நின்ற இடத்தில் வேண்டிக்கொண்டிருந்தார். வந்துவிட்டது. கடைசி இரண்டு நாள் பில் மட்டும் இல்லை. அது ஏன் என்று முதலாளி கேட்டதும் அவள் எழுந்து சர்வர் மூலைக்குப் போனாள். ரப்பர் பேண்ட் போட்ட வயரைக் கையில் எடுத்தாள். இரண்டு மடிப்பைப் பார்த்தாள், அண்ணாச்சியைப் பார்த்தாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"நாந்தான் வந்து பாக்கல, முதலாளி. ரெண்டு நாளா நகல் வரலன்னு தெரியும். நெட்டு போயிருக்கும், பூசை முடியட்டும்னு இருந்துட்டேன். எம்மேலதான் தப்பு."

சுப்புராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் தப்பை உடனே ஒத்துக்கொள்கிறவர்கள் யார், இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். விட்டுப்போன பில்களை ஆபீஸ் பிள்ளைகளே திரும்ப அடித்துக்கொள்வார்கள், மில் கணக்கு இனி அவளுக்குத்தான் என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"ஏய்யா சமுத்திரம், இது ஒங் கடையில இருந்த பிள்ளைதான?"

தப்பித்தோம் என்று சமுத்திரத்துக்குத் தோன்றவே இல்லை. நன்றியும் வரவில்லை. அவருக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. பஞ்சு வியாபாரியை எடுத்துக்கொண்டாள், ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டாள், இதோ இந்த மில்லையும் எடுத்துக்கொண்டாள். போகட்டும். பெரிய மனசு என்ற பேரையும் இவளே கொண்டுபோவதா? அதையும் என் தயவில்!

"வயரப் பிடுங்குனது நான், முதலாளி," என்றார். "அவ பொய் சொல்லுதா."

அடித்துக்கொண்டிருந்த கீபோர்டுகள் நின்றன. சுப்புராஜ் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த வருடம் துண்டு கிடையாது, வாசல்கூடக் கிடையாது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பொட்டு அழியாத பெட்டியை வண்டியின் பின்சீட்டில் வைத்து, நேற்றுப் போர்த்திய துண்டாலேயே இறுக்கிக் கட்டினார். கார்த்திகா ஓடி வந்து துண்டின் மறுமுனையைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, நான்தான் சமாளிச்சுட்டேம்லா. பொறவு ஏன் சொன்னீக?"

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவளைத் தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவளுக்கு விளங்காத ஒன்று அவரிடம் இருந்தது. வண்டியைக் கிளப்பினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்வரை வயிறு எரியவே இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாச்சியார் போட்ட சோற்றைப் போனைத் தொடாமல் தின்று முடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டார்.