எல்போ அண்ணனின் குமிழி

குழாயின் முதுகில் ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, உள்ளே இருக்கும் குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார் எங்கள் பைப் ஃபோர்மேன். வந்ததும், "நூல் பிடிச்ச மாதிரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சாமி படத்தைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

கைகழுவும் தொட்டி வார்க்கும் பட்டறை இது. பிசின், அதை இறுகவைக்கும் மருந்து, சாயம் மூன்றும் தனித்தனிக் குழாயில் வந்து மிக்சரில் கலந்து அச்சில் விழ வேண்டும். நேராக இழுத்தால் நாலு எட்டுதான். இவருக்கு அது அழகில்லை. சுவரில் ஏற்றி, ஜன்னலைச் சுற்றி, கதவுக்கு மேலே திருப்பி, திருப்பத்துக்குத் திருப்பம் எல்போ என்கிற வளைவு மூட்டைப் போட்டிருக்கிறார். பட்டறையில் இவர் பேரே எல்போ அண்ணன்தான். அதையும் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

மருந்து தண்ணீர் போல, ஓடி வந்துவிடும். பிசின் பாகு போல. ஒவ்வொரு எல்போவிலும் பிரஷரைத் தொலைத்துவிட்டு, மிக்சரில் உயிரில்லாமல் சொட்டும். கலவை இறுகாது. தொட்டியில் கை வைத்தால் ஒட்டும்.

"கலக்குறவன் கை சரியில்ல" என்பார். கலக்குகிறவர் இவர் மனைவியின் தம்பி. இன்னொரு தொட்டி ஒட்டினால் வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நேற்றுக் காலை அந்தத் தம்பி, பிசின் டிரம்மிலிருந்து தரையோடு நேராக ஒரு ரப்பர் ஹோஸை இழுத்து வார்த்தார். மதியம் தொட்டி கல்லாய் இறுகியிருந்தது.

எல்போ அண்ணன் வந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை. "என்னடா இது, குடல உருவிப் போட்ட மாதிரி?"

"தட்டிப் பாருங்க மாமா. இதக் கழட்டினா என் வேல போயிடும்."

"வேற வேல கெடைக்கும்டா. இப்படி ஒரு பைப் லைன் கெடைக்குமா?"

ஹோஸைக் கழற்றிச் சுருட்டிவிட்டார். அடுத்த தொட்டி ஒட்டியது. மாலையில் மேனேஜர் வந்ததும், கூட்டிக்கொண்டிருந்த நான் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"கூட்டுற அம்மாவுக்கு பைப் வேல தெரியுமா சார்? இறுகின அந்த ஒரு தொட்டி குருட்டாம்போக்குல அமைஞ்சது" என்றார் எல்போ அண்ணன். மேனேஜரும் சிரித்தார். தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அக்காவை நினைத்தாரோ என்னவோ, மூடிக்கொண்டார். ஏப்ரனைக் கழற்றிக் குழாய்மேல் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

எல்போ அண்ணன் பதறி ஓடினார். ஏப்ரனை எடுத்துக் கீழே போட்டார். அந்த இடத்தைத் துடைத்து, ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.