சவிரி அண்ணர் வாசித்த கல்

சவிரி அண்ணர் இறந்த செய்தியை அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். நான் பாடசாலைக் கந்தோரில் வேலையில் இருந்தேன். "அன்ரி, முப்பத்தோராம் நாள் பூசை முடிய நீங்கள் நாலு வார்த்தை கதைக்கவேணும். அப்பா சாகமுதல் கேட்டவர்," என்றாள். இரண்டு வருடமாக நான் அவரோடு கதைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஓம் என்றேன்.

அவரை இங்கே வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தபால் கந்தோர் வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, துறைமுகத்தைச் சுற்றியுள்ள பழைய தேவாலயங்களைக் காட்ட எங்களை ஒரு வான் வண்டியில் கூட்டிப்போவார். வாசலில் நிறுத்தி, "முதல் அஞ்சு நிமிசம் ஒண்டும் பார்க்காதேங்கோ, சும்மா இருங்கோ," என்பார். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் கூரை மரங்களைக் காட்டுவார்.

யுத்தத்தால் சம்பூரிலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்த நாட்களில் கடலுக்குப் போன என் கணவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த வண்டியில் நான் முதன்முதலாகப் போன அன்று, ஒரு தேவாலயத் தரையில் பதித்திருந்த ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைக் கல்லின் அருகே நின்று அழுதேன். சவிரி அண்ணர் குனிந்து, எழுத்துகளை விரலால் தடவி வாசித்தார். "கடலுக்குப் போன புருசனுக்காக இந்த மனுசி இருவத்திரண்டு வருசம் காத்திருந்தவவாம். ஆள் வந்து சேர்ந்ததுக்குப் பிறகுதான் கண்ணை மூடினவ."

மூன்று வருடம் கழித்து, புல்மோட்டையில் வேலைசெய்த, மனைவியை இழந்த ஒருவர் என் தமக்கை மூலம் என்னைக் கலியாணத்துக்குக் கேட்டனுப்பினார். நல்ல மனிதர். என் மகனுக்கும் அவரைப் பிடித்திருந்தது. "அந்தக் கல்லில இருக்கிறவ காத்திருந்தவதானே, அக்கா," என்று சொல்லி மறுத்துவிட்டேன். அடுத்த வருடம் அவர் வேறொருவரைக் கலியாணம் செய்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒல்லாந்து நாட்டுப் பெண் ஒருத்தி எங்களோடு வந்தாள். அந்தக் கல்லை வாசித்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் காய்ச்சலில் இறந்திருக்கிறார். அதில் கடலும் இல்லை, மனைவியும் இல்லை.

வெளியே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சவிரி அண்ணரிடம் போனேன்.

"உங்களுக்கு ஒல்லாந்துப் பாஷை தெரியுமோ?"

"தெரியாது, தங்கச்சி."

"அப்ப ஏன் அப்பிடி வாசிச்சனீங்கள்?"

"நீங்கள் அழுதுகொண்டு நிண்டனீங்கள். என்னால பார்த்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சுது."

"நான் ஒரு நல்ல மனுசனை வேண்டாமெண்டது உங்கட கதையை நம்பித்தான்."

அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். நான் தனியே பஸ்ஸில் வீடு திரும்பினேன். பிறகு இரண்டு முறை அவர் வீட்டுக்கு வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை.

அவருடைய கடைசிப் பயணங்களில் போன ஒருவரைச் செத்தவீட்டில் சந்தித்தேன். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால், "எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரியுமெண்டு சொல்லி ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்தனான்," என்று வண்டியில் வந்த எல்லோருக்கும் கேட்கச் சொல்வாராம்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று இங்கே நின்று சொல்ல என்னால் ஏலாது. இன்னொரு பொய் வேண்டாம். முன்பின் தெரியாதவர்களிடம்கூடத் தன் குற்றத்தை மறைக்காமல் சொன்னாரே, அந்தத் துணிவை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.