எட்டிலிருந்து மூன்றுக்கு வந்த வலி

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சாம்பியன் என்று பெயர். வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் சாம்பியன்தான். ஆறு வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு என்று ஒன்று விடாமல் பட்டு முடித்து எழுந்து வந்தவள். தலையில் ஒரு முடி இல்லாமல் கிடந்த நாளிலும் பக்கத்துக் கட்டில்காரிகளைச் சிரிக்க வைத்தாள். அதற்குக் கிடைத்த பட்டம் அது. பட்டம் கொடுத்தவர்கள் சும்மா விடுவார்களா? புது நோயாளி யாராவது அழுதால், "சாம்பியனைக் கூப்பிடுங்க" என்பார்கள். இவளும் தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள்.

பிழைப்புக்குத் திரைச்சீலை தைக்கிறாள். வீட்டு முன் அறையில் மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று, வெட்டுகிற மேஜை ஒன்று, நடக்க இடமில்லாமல் துணிச் சுருள்கள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். அவள் "ஒண்ணுமில்லங்க" என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவான்.

அந்த "ஒண்ணுமில்ல"தான் அவள் பிறவிக் குணம். சின்ன வயதில் தையல் ஊசி விரலில் ஏறி மறுபக்கம் வந்தபோது, ரத்தத்தைப் பார்த்தால் அம்மா மயங்கி விழுவாளே என்று கையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு "ஒண்ணுமில்லம்மா" என்றவள். மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது புருஷனுக்கு வேலை மாறிய சமயம். மனுஷன் பதறுவாரே என்று அதையும் கொஞ்ச காலம் மூடி வைத்தாள். டாக்டர் திட்டினார். திட்டு வாங்கியும் திருந்தவில்லை. அடுத்தவர் முகம் வாடினால் அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். இதை நல்ல குணம் என்று ஊரே மெச்சியது. என்ன நல்ல குணமோ!

இந்த முறை முதுகில் வலி வந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, நடு எலும்பில். படுத்தால் குறைய வேண்டிய வலி, படுத்தால்தான் கூடியது. மூடி வைக்காமல் அவளாகவே போய், "டாக்டர், வலிக்குது" என்றாள்.

பெரிய டாக்டர் மோசமானவர் அல்ல. ஆனால் அதற்கு முந்தின வருடம் ஒரு தலைவலிக்கும், பிறகு ஒரு இருமலுக்கும் அவள் பயந்துபோய் வந்து, இரண்டு தடவையும் ஸ்கேன் எடுத்து, இரண்டிலும் ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. அது அவர் மனதில் நின்றுவிட்டது.

"நாள் பூரா குனிஞ்சு தைக்கிறீங்க, முதுகு வலிக்காம என்ன செய்யும்?" என்று சிரித்தார். "உங்களுக்கு இருக்கிறது பயம். திரும்ப வந்துடுமோங்கிற பயம். குணமானவங்க எல்லாருக்கும் வர்றதுதான். முழுநலப் பிரிவுல ஒரு பயிற்சி நடக்குது, அதை முடிங்க. அதுக்கப்புறமும் வலி குறையலன்னா ஸ்கேன் எடுத்துடலாம், சரியா?"

குறைந்தால் ஸ்கேன் கிடையாது, குறையாவிட்டால் உண்டு. பேச்சு அதுதான். அவளுக்கும் தெளிவாகப் புரிந்தது.

முழுநலப் பிரிவு என்பது மாடியில் ஒரு நீள அறை. தரையில் பாய்கள், மூலையில் பிளாஸ்டிக் மூங்கில், மங்கலான விளக்கு. மருந்தோடு சேர்த்து மூச்சுப் பயிற்சி, யோகா, சாப்பாட்டு ஆலோசனை, மனசுக்கு ஆலோசனை என்று எல்லாம் அங்கே நடக்கும். குறை சொல்வதற்கில்லை, தூக்கமே வராமல் கிடந்தவர்கள் பலர் அங்கே போய்த் தூங்கியிருக்கிறார்கள். மனசு அமைதியாக ஓடைத் தண்ணீர் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுவார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் எழுந்து கழிவறைக்குப் போவார்கள். "மேடம், ஓடையை நிறுத்துங்க, எங்க பாடு பெரும்பாடா இருக்கு" என்று சாம்பியன் சொல்ல, அறையே குலுங்கிச் சிரிக்கும்.

வருடா வருடம் அங்கே கல்லூரி மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளியை ஒப்படைப்பார்கள். சாம்பியனுக்கு வந்த பெண் ஒல்லி. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பார்த்தவுடனே இவள் அதற்குப் பென்சில் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"அக்கா, முதல்ல வலி எவ்வளவுன்னு சொல்லுங்க. வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து."

"எட்டு" என்றாள் சாம்பியன். உண்மையைச் சொன்னாள்.

பென்சில் பயபக்தியோடு எழுதிக்கொண்டது. பிறகு சொல்லிக்கொடுத்தது. மூச்சை இழு, நிறுத்து, விடு. தோளைத் தளர்த்து. அந்தப் பெண்ணின் குரல் இதமாகத்தான் இருந்தது. சுண்டு விரல் நகத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணாம். சாம்பியனுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரம் வந்தபோது, மாடிப்படி திரும்புகிற இடத்தில் தண்ணீர் மெஷினுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். பென்சில்.

"என்ன கண்ணு? யார் என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றது அது. காலமெல்லாம் அதையே சொல்லி வந்த சாம்பியனுக்குத் தெரியாதா அந்த வார்த்தை? விடாமல் கேட்டதும் கொட்டிவிட்டது. அந்தப் பிரிவின் மேலாளரை எல்லாரும் பெரிய மேடம் என்பார்கள். மற்ற மாணவர்களின் நோயாளிகளுக்கெல்லாம் எண் இறங்கிக்கொண்டே வருகிறதாம். இறங்காவிட்டால் பென்சில் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தமாம். பயிற்சியை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். "பெரிய மேடம் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்கக்கா."

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். பென்சில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டது: "இன்னைக்கு வலி எவ்வளவுக்கா?"

எட்டுதான். ஒன்பது என்றாலும் தப்பில்லை. நாக்கு நுனி வரை எட்டு வந்துவிட்டது. அந்தச் சிவந்த மூக்கைப் பார்த்தாள்.

"ஏழு" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததே, அடடா! அதைப் பார்த்து இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகென்ன, அடுத்த வாரம் ஆறரை, அப்புறம் ஐந்து. சந்தையில் மீன்காரியிடம் விலையைக் குறைக்கிற மாதிரித் தன் வலியைத் தானே பேரம் பேசிக் குறைத்தாள். எண் இறங்க இறங்க வலி ஏறியது. மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. பாயிலிருந்து எழும்போது நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவாள். எழுந்ததும் ஒரு ஜோக் அடிப்பாள்.

பென்சிலுக்காக மட்டும்தான் செய்தாள் என்று பூசி மெழுகத் தேவையில்லை. அவளுக்குள்ளேயும் ஒரு மனசு ஸ்கேன் வேண்டாம் என்றது. அந்தக் குழாய்க்குள் படுத்து, வெளியே வந்து, டாக்டர் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு அவள் நடுங்கினாள். அதோடு, சாம்பியன் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்களே! திரும்ப வந்துவிட்டது என்றால் என்னவென்று கூப்பிடுவார்கள்? ஐந்து என்று சொன்ன அன்றைக்கு, ஒருவேளை நிஜமாகவே ஐந்துதானோ என்று அவளே பாதி நம்பினாள்.

கடைசி வாரம் மூன்று என்றாள். பென்சில் கட்டிப்பிடித்துக்கொண்டது. பெரிய டாக்டர் பென்சில் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே" என்றார். ஸ்கேன் பேச்சு அத்தோடு முடிந்தது.

அதற்கடுத்த சில நாளில், ஒரு காலை நேரம், பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் திரைச்சீலை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் கையில் இருக்கிறது, கால் இல்லை. அதாவது கால் அங்கேதான் இருக்கிறது, ஆனால் அவள் சொல்வதைக் கேட்கவில்லை. துணியோடு சேர்ந்து சரிந்தாள். புருஷன் தற்செயலாக வீட்டில் இருந்தான்; ஓடி வந்து தூக்கினான்.

"ஒண்ணுமில்ல…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "இல்லங்க. இருக்கு. ரொம்ப நாளா இருக்கு."

அவசர சிகிச்சைப் பிரிவு தெருவுக்கு அந்தப் பக்கம், வேறு கட்டடத்தில். அங்கே இருந்த டாக்டர் புதுசு. அவருக்குச் சாம்பியனும் தெரியாது, கீம்பியனும் தெரியாது. நாற்பத்தாறு வயசுப் பெண், பழைய கேன்சர், முதுகுவலி, கால் மரத்துப்போகிறது, அவ்வளவுதான் பார்த்தார். உடனே ஸ்கேன் எடுத்தார். முதுகெலும்பில் இருந்தது. ஈரலிலும் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமேம்மா" என்றார் வருத்தமாக.

"வந்துக்கிட்டுத்தான் இருந்தேன் டாக்டர். வாரா வாரம்."

குணமாக்க இனி வழியில்லை என்றும், கதிர்வீச்சு கொடுத்தால் வலியைக் குறைத்துக் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றும் மெதுவாகச் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால்? எலும்பில் மட்டும் இருந்தபோதே பிடித்திருந்தால் கைவசம் இன்னும் சில வருஷம் இருந்திருக்கலாம் என்றார். புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எதை நம்புவது என்றே தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாடியில் மாணவர்களின் பயிற்சி நிறைவுக் கூட்டம். வருகிறேன் என்று பென்சிலிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். "இந்த நிலைமையில எதுக்கு?" என்று புருஷன் மன்றாடினான். அவள் கேட்கவில்லை. ஊசி போட்டிருந்ததால் வலி அடங்கியிருந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டால் நடக்கவும் முடிந்தது. மாடிக்கு இன்னும் விஷயம் எட்டவில்லை. கதவருகே சக்கர நாற்காலியை விட்டுவிட்டு, உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு சிவப்புக் கோடு. எட்டில் தொடங்கி அழகாகப் படி இறங்கி மூன்றில் வந்து நின்றது. பென்சில் நடுங்காத குரலில் விளக்கியது: குணமானவர்களின் பயம் உடம்பில் வலியாக வெளிப்படுகிறது, பயத்தைத் தணித்தால் வலியும் தணிகிறது. கைதட்டல். பெரிய மேடத்துக்கு வாயெல்லாம் பல். "நம்ம சாம்பியனே வந்திருக்காங்க! ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

எழுந்தாள். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. எல்லாமே சிரித்த முகங்கள். போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"பொண்ணு நல்லா சொல்லிக்கொடுத்தா" என்றாள். "கெட்டிக்காரி." உட்கார்ந்துவிட்டாள். பாழாய்ப்போன வாய்!

கூட்டம் முடியுமுன்பே வெளியே வந்து, தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள். பென்சில் பின்னாலேயே ஓடி வந்தது. "அக்கா! நான் பாஸ்! எல்லாம் உங்களாலதான்…" நாற்காலியைப் பார்த்ததும் அப்படியே நின்றது. "என்னக்கா இது?"

"முதுகெலும்புல இருக்காம். ஈரல்லயும் இருக்காம். வலி குறையவே இல்ல கண்ணு. ஒரு நாள்கூடக் குறையல."

"அப்போ… ஏழு, ஆறுன்னு சொன்னீங்களே? ஏன்கா பொய் சொன்னீங்க?"

"நீ அழுதே. அதான் சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் பொய் சொன்னேன், சரி. என் தப்பு. ஒண்ணு கேக்குறேன், சொல்லு. ஒவ்வொரு தடவையும் நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிச்சேனே, நீ பாக்கலையா?"

பென்சில் தரையைப் பார்த்தது. நகம் வாய்க்குப் போனது. "பாத்தேன்கா" என்றது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்று தலையசைத்தது. "எண் குறைஞ்சுதே… அதனால…" முகம் கோணி, தோள் குலுங்கி, விக்கி விக்கி அழுதது.

சாம்பியனின் கை வழக்கம்போல அந்தத் தலையைத் தடவ எழுந்தது. பாதியில் இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அறைய வேண்டும் போலிருந்தது, சேர்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"போலாம்" என்றாள் புருஷனிடம்.

அவன் தயங்கினான். "பாவம், சின்னப் பொண்ணு. ஏதாவது ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வா."

"நானும் பாவம்தாங்க" என்றாள் அவள். "தள்ளுங்க."