கெட்டி ஆயில்

கார் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். உங்கள் வண்டி தயாரான காலத்தில் பொருத்திய ஆயில் பம்புகள் சிலவற்றில் குறை இருப்பது தெரியவந்திருக்கிறது. இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நீண்ட மேட்டில் சின்ன கியரில் ஏறும்போது ஆயில் அழுத்தம் குறையலாம். கவனிக்காமல் ஓட்டினால் இஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் இலவசமாகச் சோதித்து, தேவைப்பட்டால் பம்பை மாற்றித் தருவோம்.

அம்மா அன்று கரும்புக்குக் களை எடுத்துவிட்டு வந்திருந்தாள். "தப்பு பண்ணவன் அவன். தப்புன்னு எழுதனவனும் அவன். அப்புறம் இன்னாடி தேவைப்பட்டா?" என்றாள்.

அந்த வார்த்தையின் கீழ் நானும் கோடு போட்டிருந்தேன்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. கள்ளக்குறிச்சியில் இருக்கும் எங்கள் முதலாளி, ஊர்களைப் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்திருந்தார். எலவனாசூர்கோட்டை, திருநாவலூர்ப் பக்கம் ஒருவருக்கு, மணலூர்பேட்டைப் பக்கம் இன்னொருவருக்கு, கல்வராயன் மலை எனக்கு. மலையை நான் கேட்டு வாங்கினேன். மேலே மின்சாரம் ஏறி இறங்குவதால் பெட்டிகள் அதிகம் கெடும், கை பழகும். "தள்ளும்மா, நான் பாக்கறேன்" என்று முதுகுக்குப் பின்னால் நிற்க அங்கே யாரும் இல்லை. அதற்காகத்தான் தவணையில் அந்தக் காரை வாங்கியிருந்தேன்.

கடிதத்தை முதலாளியிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம்.

"நான் அப்பவே சொன்னேன்ல? மலை வேணாம்மா உனக்கு. கீழயே சுத்து. அடுத்த லிஸ்ட்ல மலைய வேற ஆளுக்குப் போட்டுடறேன்."

"வண்டி சரியாயிட்டா சார்?"

"ஆனா பாக்கலாம்."

எங்கள் அலுவலகத்தில் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று பொருள். அவர் அடுத்த லிஸ்ட் போடுவதற்குள் வண்டி சரியாக வேண்டும். இல்லையென்றால் மலை கைவிட்டுப் போகும், திரும்ப வராது.

சர்வீஸ் சென்டரில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன் வண்டியை சிமெண்ட் தரையில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். "ஃபால்ட் இல்ல மேடம்."

"மேட்டுல ஏறும்போதுன்னு லெட்டர்ல இருக்கு. தரையில வச்சுப் பாத்தா எப்படித் தெரியும்?"

"எங்க செக் லிஸ்ட்ல மேடு இல்ல மேடம்."

அவனைக் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. வண்டியை விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் எடுக்கப் போனபோது, கொஞ்ச காலமாக இஞ்சினில் கேட்டுவந்த டக்டக் சத்தம் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அடுத்த நாள் விடியும்வரை இருந்தது. பனியில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் சிரமப்பட்டுச் சுற்றியது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். வெல்லப்பாகு மாதிரி இழுத்துக்கொண்டு தொங்கியது ஆயில். கெட்டி ஆயில்.

எங்கள் பக்கத்துக் கரும்பு டிராக்டர்க்காரர்களின் வைத்தியம் அது. இஞ்சின் தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்தால் கெட்டி ஆயிலை ஊற்றுவார்கள். சத்தம் அடங்கும், கரும்பு வெட்டு முடியும்வரை ஓடும், அப்புறம் இஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். சொத்தைப் பல்லுக்குக் கிராம்பு வைக்கிற மாதிரி. ஆயில் கெட்டியாக இருந்தால் அழுத்தம் கூடித் தெரியும். பம்பின் குறை பம்பிலேயே இருக்கும். சத்தம் இருந்தபோது எனக்கு எச்சரிக்கையாவது இருந்தது.

முதலாளிக்கு இது பிடித்திருந்தது. "கெட்டி ஆயில் ஊத்திட்டாங்களா? அப்புறம் இன்னாம்மா, வேல முடிஞ்சுது. எங்க மச்சான் டிராக்டரு மூணு வெட்டு ஓடுச்சு."

"அதுக்கப்புறம் சார்?"

"அப்புறம் வித்துட்டான்."

அன்றே மதியத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு திரும்பவும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வழியில் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, கெட்டி ஆயிலை வடிக்க வேண்டும். இரண்டு, வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன ஆயிலை ஊற்ற வேண்டும். மூன்று, அவர்கள் ஆள் ஒருவர் என்னோடு மலை ஏற வேண்டும். நான்கு, குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் அப்புறம் ஆயிலைப் பற்றிப் பேச மாட்டார்கள், என் குரலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

முதல் இரண்டுக்கும் மேனேஜர் தலையாட்டினார். ஆயிலும் மாறியது. மூன்றாவதுக்குச் சிரித்தார்.

"டெஸ்ட் டிரைவ் பைபாஸ் வரைக்கும்தான் மேடம். மலைக்கெல்லாம் எங்க ஆளுங்கள அனுப்ப முடியாது. நீங்களும் கொஞ்ச நாளைக்கு மலைப்பக்கம் போகாம பாத்துக்குங்களேன்."

"சரிங்க. இந்த வண்டி மலை ஏறக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. முத்திரையோட."

"அப்படி எப்படி மேடம் எழுத முடியும்?"

"அப்ப ஏறலாமா?"

"ஏறலாம்... பாத்து ஏறலாம்."

"பாத்துன்னா எத? பம்பு உள்ள இருக்கு."

அன்று ஒரு குடும்பம் புது வண்டி எடுக்க வந்திருந்தது. என்னுடைய அதே மாடல். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்; பூசணிக்காய் மேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது. புதுச் சட்டையின் மடிப்புக் கலையாத பெரியவர் சாவி வாங்க நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இன்னாங்க, இந்த வண்டி மலை ஏறாதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா," என்றார் மேனேஜர்.

"இல்லீங்க, எங்க குலசாமி மலையிலதான் இருக்குது. மொத பூசையே அங்கதான். அந்தப் பொண்ணு ஏறாதுன்னு சொல்லிக்கினு இருக்குதே?"

"ஏறாதுன்னு நான் சொல்லலீங்க. எழுதிக் குடுங்கன்னுதான் கேக்கறேன்," என்றேன்.

பெரியவரின் மனைவி அவர் நீட்டிய கையை இழுத்து இறக்கினார். "சூடத்த அணைங்க. பேசி முடிக்கட்டும்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "வாங்க மேடம், போலாம்."

நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் தாண்டும்வரை போனில் இருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி அணைக்கட்டு வந்ததும் ஏசி போடச் சொன்னார், போட்டேன். ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவுகளில் ஒன்றும் இல்லை. "பாத்தீங்களா? பட்டு மாதிரி போவுது," என்றார். சின்ன கியரிலேயே வைத்திருந்தேன். முன்னால் மரவள்ளி ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, அதை முந்தவும் இல்லை. நான் தினமும் இப்படித்தான் ஏறுவேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது சிவப்பு விளக்கு சிமிட்டியது. அடுத்த வளைவில் நின்று எரிந்தது. டக்டக் சத்தம் காலடியிலிருந்து வந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இஞ்சின் போயிடும்!"

ஓரம் கட்டி அணைத்தேன். இறங்கி ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அணை கொடுத்தேன். மேனேஜர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். அந்த வளைவில் டவர் கிடையாது.

"இத ஓட்டிக்கினு கீழ எறங்கக் கூடாது மேடம். ஏத்திக்கினு போற வண்டிதான் வரணும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல நீங்க தனியாவா போய்க்கினு வந்துக்கினு இருந்தீங்க?" என்றார்.

"ஃபால்ட் இல்லன்னு சொன்னீங்களே சார்."

அவர் விளக்கு எரிவதைப் படம் எடுக்கச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். அவரே எடுத்தார். அப்போது கீழிருந்து பஸ் முனகிக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. மேலே ஒரு சுகாதார நிலையத்தில் குளிர்பெட்டி நின்றுபோய், மருந்துகளை ஐஸ் பெட்டியில் மாற்றி வைத்திருப்பதாக அன்று காலை போன் வந்திருந்தது. முதலாளி அதற்கு மறுநாள் வேறு ஆளை அனுப்புவதாக இருந்தார். என் கருவிப் பையும் குளிரைக் கட்டுப்படுத்தும் புதுத் தெர்மோஸ்டாட்டும் டிக்கியிலேயே இருந்தன. எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"மேடம், எங்க போறீங்க?"

"வேலைக்கு. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். பம்ப மாத்துங்க. பேரிங்கும் தேஞ்சிருக்கும், அதையும் பிரிச்சுப் பாருங்க. திரும்ப இதே வளைவு வரைக்கும் நீங்களே ஓட்டிப் பாத்துட்டு எனக்குக் குடுங்க."

"நான் இங்க தனியா இன்னா மேடம் பண்றது?"

"எறங்கற பஸ் வரும். டிரைவர்கிட்டச் சொன்னா கீழ போய்ப் போன் பண்ணுவாரு. ராத்திரிக்கு முன்னால வண்டி வந்துடும். கல்ல எடுத்துடாதீங்க."

கை காட்டினேன், பஸ் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், வண்டி மக்கர் பண்ணிடுச்சா? ஆளையும் சேத்து வுட்டுட்டு வரீங்க?"

"அது அவரு வண்டிதாங்க இப்ப."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். என் வண்டி திரும்பி வரப் பல நாளானது. பம்போடு பேரிங்குகளையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெரியவர் அன்று சாவி வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது.

குளிர்பெட்டியில் தெர்மோஸ்டாட்தான் போயிருந்தது. மாற்றி, உள்ளே குளிர் நிலைக்கும்வரை நர்ஸ் அக்காவோடு உட்கார்ந்திருந்துவிட்டு, முதலாளிக்குப் போன் செய்தேன்.

"பெட்டி ஓடுது சார்."

"எந்தப் பெட்டி? நீ எங்க இருக்க?"

"மலை மேல."

"வண்டி?"

"வழியில நிக்குது. நான் பஸ்ல வந்தேன். லிஸ்ட்ல மலைக்கு நேரா யாரு பேரு சார்?"

"கீழ வாம்மா, பேசிக்கலாம்."

"நாளைக்கு அனுப்பறதா இருந்த ஆளுக்கு இங்க வேல இல்ல சார். வேற யாரு பேரு எழுதுவீங்க?"

அந்தப் பக்கம் யாரிடமோ பேனா கேட்கும் சத்தம் வந்தது. "எழுதிட்டேன் தாயே, போதுமா?"

"ஒரு படம் புடிச்சு அனுப்பிடுங்க சார்," என்றேன்.

அங்கே டவர் ஒரு கோடுதான் காட்டும். படம் முழுதாக இறங்கி, என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்த பிறகுதான் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.