பாட்டுக்காகப் பட்டாசை விட்டவள்

நல்ல கூலி வந்துகொண்டிருந்த பட்டாசு வேலையை விஸ்வநத்தம் பாண்டிமீனா விட்டதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் ரொம்பச் சின்னது. அங்கே வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாட்டில்லாமல் அவளுக்குக் கை நகராது. திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் வேலை என்றதும், "அங்கன போன் வச்சுக்கிடலாமா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

டிசம்பரில் அவளைப் பிடித்துக்கொண்டது ஓர் ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாட்டு. மணிச்சத்தமும் கைதட்டலுமாகத் துள்ளும். கிறிஸ்துமஸ் என்ற சொல்லைத் தவிர ஒன்றும் புரியாது. மிச்சத்தை அவளே இட்டு நிரப்பிப் பாடுவாள். காலண்டர் அட்டையில் தேதித் தாள்கட்டை வைத்துக் கம்பிப் பின் அடிக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் தோள் குலுங்கும்.

மேற்பார்வையாளர் சங்கையாவுக்கு மட்டும் எரிச்சல். "ஏத்தா, இது கம்பெனியா, கல்யாண வீடா? நிறுத்து!"

"சர்ச் ஆர்டர் சாயங்காலம் லோடு ஏறணும்ல அண்ணாச்சி? பாட்டு ஓடுனாத்தான் கையும் ஓடும். ஏறலைன்னா இனிமே போனையே தொட மாட்டேன். ஏறிட்டா, சீசன் முடியிற வரைக்கும் பாட்டு. சரியா?"

தோற்றுவிடுவாள் என்ற நம்பிக்கையில் சங்கையா தலையாட்டினார்.

தேதிக் கட்டுகளை எடுத்து வந்து மேசைக்கு மேசை கொடுப்பது அவர் வேலை. பாட்டு மறுபடி மறுபடி சுற்றியது. பாண்டிமீனா ஓரக்கண்ணால் பார்த்தாள். கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, தாளம் தப்பாமல் இடுப்பை ஒடித்து ஒடித்து வந்துகொண்டிருந்தார் மனிதர். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

டீ வருமுன்பே வேலை முடிந்தது. சங்கையா ஒரு காலண்டரை எடுத்து, ஆண்டு மட்டும் போட்ட மேல் தாளைத் தூக்கினார். குழந்தை இயேசு படத்துக்குக் கீழே ராகு காலம், எமகண்டம், மேஷத்துக்குப் பணவரவு! பைபிள் வசனம் அச்சடித்த கட்டுகள் மூலையில் அடுக்குக் கலையாமல் கிடந்தன.

"பாத்தியா, உன் பாட்டு பண்ணுன கூத்த! வா, முதலாளிகிட்டப் போவோம்."

"போவோமே. அண்ணாச்சி ஆடிக்கிட்டே கட்ட மாத்தி எடுத்துட்டு வந்துட்டாகன்னு சொல்லுவோம். எப்படி ஆடுனாகன்னு முதலாளி கேட்டா..." எழுந்து இடுப்பை ஒடித்துக் காட்டினாள். கூடமே சிரித்தது.

சங்கையா வாசலை எட்டிப் பார்த்தார். லாரி இன்னும் வரவில்லை. குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து பின்களைப் பிடுங்கத் தொடங்கினார்.

"எல்லாத்தையும் பிரிச்சு மாட்ட எம்புட்டு நேரம்த்தா ஆகும்?"

"பாட்டில்லாமலா? விடிஞ்சிரும் அண்ணாச்சி."

"போட்டுத் தொல. சீசன் முடியிற வரைக்கும் போடு. ஆனா கட்டு எடுக்க வேற ஆளப் பாரு. நான் எந்திரிக்க மாட்டேன்."