ஆர்டிஸ் ரிவர்ஸ் எடுத்த கதை

ஆர்டிஸ் கோல்பெர்க் வண்டி ஓட்டுகிறவள் அல்ல, ஓட்ட வைக்கிறவள். எங்கள் டிரெய்லர் சங்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. ஒவ்வொரு ஜூலையிலும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பொருட்காட்சித் திடலில் நாங்கள் கூடுவோம். டிரக்குக்குப் பின்னால் மாட்டி இழுத்து வருகிற சக்கர வீடுகள்தான் டிரெய்லர்கள், நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். அவற்றை வரிசையாக நிறுத்துவதற்கென்று ஒரு தொண்டர் படை உண்டு. அந்தப் படையில் ஆர்டிஸுக்கு ஒரே வேலைதான். டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்று கை காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் காலமெல்லாம் கரண்டி பிடித்த கை அது. அந்தக் கை இரண்டு விரலை மடக்கினால், ஊரையே உருட்டி மிரட்டுகிற ஆண்பிள்ளைகூட மூச்சு விடாமல் பின்னால் வருவான். உள்ளங்கையை விரித்தால் நின்றுவிடுவான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் படைக்குத் தலைவி நான். பெயர் டாட்டி. மஞ்சள் சட்டையும் விசிலும் சங்கம் கொடுத்தது, வாய் மட்டும் என் சொந்தம்.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். அதிலும் புருஷன் ஓட்ட, பொண்டாட்டி பின்னால் நின்று கத்த, அதைவிட நல்ல வேடிக்கை எந்த டிவியிலும் வராது. முன்னாலேயே வந்து இடம் பிடித்தவர்கள் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் எலுமிச்சை ஜூஸோடு உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் சண்டை போடாமல் வண்டி நிறுத்திய ஒரே ஜோடி ஆர்டிஸும் அவள் புருஷன் வெண்டலும்தான். அவர் டிரக்கின் பக்கக் கண்ணாடியில் அவள் விரலைப் பார்ப்பார், வண்டி போய் உட்கார்ந்துவிடும்.

போன குளிர்காலத்தில் வெண்டலுக்கு இடது கண் போய்விட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் இவர்கள் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர்களுடைய பழைய வெள்ளை டிரெய்லர் வாசலில் திரும்பியது. டிரக்கை ஓட்டி வந்தவள் ஆர்டிஸ்.

"நெப்ராஸ்காவுல இருந்து நீயாடி ஓட்டிக்கிட்டு வந்தே?" என்றேன்.

"முன்னாடி போறதுக்கு என்ன, யாரும் போவாங்க" என்றாள்.

பக்கத்து ஸீட்டிலிருந்து வெண்டல் எட்டிப் பார்த்தார். "முன்னாடி மட்டும்தான் போவா. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வர்ற பெட்ரோல் பங்க்கா தேடித் தேடி வந்தோம். வழியில நமக்குப் பிடிச்ச ஆப்பிள் பை சுட்டு விக்கிற கடை இருக்குல்ல டாட்டி? அதை மூணு சுத்து சுத்துனா. உள்ள விட்டா வெளிய எடுக்க முடியாதாம். கடைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுக் கூட்டிட்டு வந்துட்டா. இன்னும் அந்த வாசனை மூக்குலயே நிக்குது."

"மூக்குல நின்னா சர்க்கரை ஏறாது, விடு" என்றாள் ஆர்டிஸ்.

சிரித்துக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போனேன். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஒட்டுப்பலகையில் சிவப்புப் பெயிண்டால் 'விற்பனைக்கு' என்று எழுதி, கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெண்டலின் கையெழுத்து.

ஆர்டிஸைத் தனியே இழுத்துப் போய்க் கேட்டேன்.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவளுக்கு டிரெய்லர் எதுக்குங்கிறாரு இந்த மனுஷன். இங்க ஒழுங்கா நிறுத்திட்டா வச்சுக்கலாமாம். இல்லன்னா யாராவது வாங்கிட்டுப் போகட்டும்கிறாரு."

"நீ என்ன சொன்னே?"

"பலகையை அடுப்புல வைப்பேன்னு சொன்னேன். டிரெய்லர் அடுப்பு சின்னதா இருக்கு, நுழைய மாட்டேங்குது." சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "டாட்டி, இதை வித்துட்டா அந்த ஆளு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உக்காந்துடுவாரு. அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டாரு."

தொண்டர்களுக்கான வரிசை வேலியோரம் இருக்கிறது. நேராக நுழைய வழியில்லை, ரிவர்ஸில்தான் போக வேண்டும். அவர்கள் இடத்துக்கு இடப்பக்கம் ஒரு மேப்பிள் மரம், வலப்பக்கம் தண்ணீர்க்குழாய். எங்களில் யார் ஏறி உட்கார்ந்தாலும் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அடுத்தவர் ஸ்டியரிங்கைத் தொண்டர் யாரும் தொடக்கூடாது என்று எங்கள் படையில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கூட்டம் போட்டுக் கொண்டுவந்தவளே ஆர்டிஸ்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "தொடாதே" என்று சொல்லிவிட்டு டிரக்கில் ஏறிவிட்டாள்.

செய்தி அதற்குள் பரவிவிட்டது. நாற்காலிகள் வந்தன. மிசௌரிக்காரர் ஒருவர் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, தன் நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டார்.

வெண்டல் வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். ஆர்டிஸ் மடியில் ஒன்று. எங்கள் படையில் எல்லார் இடுப்பிலும் ஒவ்வொன்று உண்டு, எல்லாம் ஒரே அலைவரிசை. பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் அமுக்கியே வைத்திருந்தால் மற்றவர்கள் பேச முடியாது.

வெண்டல் அமுக்கியவர் விடவே இல்லை.

"எடது... எடது இல்ல, உனக்கு வலது... நில்லு நில்லு... ஐயோ, கூம்பு போச்சு" என்று திடல் முழுக்க அவர் குரல் கேட்டது. முதல் தடவை ஆர்டிஸ், எல்லை காட்ட வைத்திருந்த ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றின்மீது ஏற்றினாள். இரண்டாம் தடவை டிரக்கும் டிரெய்லரும் முழங்கை மாதிரி மடங்கிக்கொண்டு நின்றன. நாற்காலிக் கூட்டம் ரசித்துச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் விசிலைக் கடித்தேன்.

வெண்டலுக்குத் தன் குரல் எங்கெல்லாம் போகிறது என்றே தெரியவில்லை. மனைவியிடம் மட்டும் பேசுகிற தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"ஆர்டிஸ், உன்னால முடியாதுன்னு நான் அந்தப் பலகையை எழுதல. எனக்குத்தான் முடியல. இத்தனை வருஷமா நீ எனக்கு வலப்பக்கம் உக்காந்து வந்தே. இப்ப எடப்பக்கம் உக்காந்து ஓட்டுறே, எனக்கு அந்தப் பக்கம் இருட்டு. நெப்ராஸ்காவுல இருந்து வர்ற வழியெல்லாம் நீ வண்டியிலயே இல்லாத மாதிரி இருந்துச்சு. இப்ப இங்க நின்னு தப்பாக் கை காட்டி உன்னை மரத்துல மோத விட்ருவேனோன்னு வேற பயமா இருக்கு."

எல்லார் இடுப்பிலிருந்தும் அந்தக் குரல் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஜூஸைக் கீழே வைத்தார்கள். நான் விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.

ஆர்டிஸ் பிரேக்கைப் போட்டாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"வெண்டல், பட்டனை விடு. ஊரே கேட்டாச்சு."

அவர் சூடுபட்டவர் போலக் கையை எடுத்தார். பிறகு அவள் குரல் வாக்கி டாக்கியில் வந்தது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் பேசும் குரல் அது.

"கண் தெரியுற பக்கமாப் பாத்து, நீ குழாய்கிட்டப் போய் நிக்கிறே. அங்க நின்னா எனக்கு நீ கண்ணாடியில தெரியல. மரத்துப் பக்கம் வந்து நில்லு. மரத்தை டாட்டி பாத்துக்குவா, நீ என்னைப் பாரு. நீ தெரியலன்னா நான் ஒரு இன்ச்கூட நகர மாட்டேன்."

நான் ஓடிப்போய் மரத்தடியில் நின்றேன். வெண்டல் மெதுவாகச் சுற்றி வந்தார். கழுத்தைத் திருப்பி அவளைத் தேடினார், கண்டுபிடித்தார். வாக்கி டாக்கியைப் பையில் போட்டுவிட்டு இரண்டு விரலை மடக்கினார். எல்லாம் அவளிடம் கற்றதுதான்.

முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று வெகுநேரம் ஆனது. கடைசியில் டிரெய்லர் உள்ளே போய் நின்றது. கொஞ்சம் கோணல்தான்.

வெண்டல் மட்டத்தைச் சரி பார்த்தார். "வலது சக்கரம் தாழ்ந்திருக்கு. அடியில ஏதாவது வைக்கணும்" என்றார். என்னிடம் கட்டைகள் இருந்தன, நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பின்பக்கம் போய்க் கயிற்றை அவிழ்த்து, பலகையைக் கொண்டுவந்து சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்குப் போய் விரலை மடக்கினார். ஆர்டிஸ் ஏற்றினாள். பலகை நடுவில் படாரென்று பிளந்தது.

"எதையோ ஒடைச்சுட்டேனா?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா கெடந்த பலகை. எறங்கி வா" என்றார் வெண்டல்.

மிசௌரிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "விக்கிறதா ஒரு போர்டு பாத்தேனே?" என்று என்னைக் கேட்டார்.

"சக்கரத்துக்கு அடியில இருக்கு. படுத்துக்கிட்டுப் படிங்க" என்றேன்.